தாங்கி மோட்டரை நிறுத்த ஊனோ போர்ட் வேணுமா?

கல்லடியில் வீட்டுத் தண்ணீர்த் தாங்கி நிறைந்ததும் மோட்டர் தானாக நிற்க, ஊனோ (ஆர்டுயினோ எனும் சிறு கட்டுப்பாட்டுப் போர்ட் வகைகளில் ஒன்று) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அதே ஆர்டுயினோவின் சிறிய போர்டான நானோ போதும். ஊனோ ஆர்3, நானோ இரண்டிலும் அதே ஏடிமெகா328பி சிப்தான்: 32 கிலோபைட் ஃபிளாஷ் (நிரலைச் சேமிக்கும் இடம்), 5 வோல்ட். மலிவு நகல்களில் பெரும்பாலும் சிஎச்340 யுஎஸ்பி சிப் இருக்கும். கணினி கண்டுபிடிக்காவிட்டால் அதன் டிரைவரைப் போடுங்கள். நான் ஒரு இரவு முழுக்கப் போர்டைத்தான் திட்டினேன்!

போனில் நீர்மட்டம் பார்க்க ஆசையென்றால் மட்டும் இஎஸ்பி32 என்ற வேறு போர்ட். வைஃபை உள்ளேயே உண்டு. ஆனால் அதன் பின்கள் 3.3 வோல்ட், 5 வோல்ட் சென்சரை நேரே கொடுத்தால் சிப் எரியலாம்.

கொழும்பு புறக்கோட்டைக் கடையில் எடுப்பிப்பதானால் கூட்டாளிமாருடன் சேர்ந்து ஒரே பார்சலாக எடுங்கள், கூரியர் காசு பங்காகும். நானோ இரண்டாக வாங்குங்கள். முதலாவது பழகவே போய்விடும்.