விட்டமின் டப்பா

அன்புள்ள அக்கா,

எனக்கு 29 வயது. திருப்பூரில் வேலை, இரண்டு பேருடன் ரூமில் தங்கியிருக்கிறேன். எட்டு மாதம் முன்பு எச்ஐவி இருப்பது தெரிந்து, அதைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரை தொடங்கினேன். ஊரில் அம்மாவுக்கு மட்டும் தெரியும். ஒரு வரன் கூடி வருகிறது. “கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்” என்கிறார் அம்மா. கம்பெனியிலும் சொல்ல வேண்டுமா? ரூமில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று மாத்திரைகளை விட்டமின் டப்பாவில் கொட்டி வைத்திருக்கிறேன். யாரிடம், எப்போது சொல்வது?

எஸ்.

அன்புள்ள தம்பி,

கம்பெனியில் சொல்ல வேண்டாம். 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கும் எச்ஐவி சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்துவதைத் தடுக்கிறது. வேலைக்கு இந்தச் சோதனையை நிபந்தனையாக வைப்பதும் கூடாது. அந்தக் கவலையை விடுங்கள்.

பெண்ணிடம் நிச்சயத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். தாலி ஏறிய பிறகு சொன்னால் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழியே இருக்காது. அதைப் பக்குவம் என்று அம்மா சொல்லலாம், பெற்ற வயிறு. நீங்கள் சொல்லக் கூடாது. தொற்று பரவாமல் காக்கும் கடமையையும் அதே சட்டம் உங்கள்மேல் வைத்திருக்கிறது. துணையிடம் முன்கூட்டியே சொல்வதும் அதில் அடங்கும்.

என்னை நிறுத்தியது அந்த விட்டமின் டப்பாதான். ‘சொல்வது’ என்றதும் எல்லோரும் மானத்தையும் மன்னிப்பையும் பற்றியே பேசுகிறோம், மாத்திரையை மறந்துவிடுகிறோம் என்று கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஏஆர்டி மையத்தில் தரும் டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் சிறு பை ஒன்று கிடக்கும். ஈரக் காற்று பட்டால் மாத்திரை கெடும் என்பதற்காகத்தான் அது. வேறு டப்பாவில் கொட்டும்போது அந்தப் பை குப்பைக்குப் போகிறது, மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் கூடவே போகின்றன. சிலர் குலுங்கும் சத்தம் கேட்காமலிருக்கப் பஞ்சு அடைக்கிறார்கள். ரூமில் எல்லோரும் தூங்கட்டும் என்று காத்திருந்து தாங்களும் தூங்கிவிடுகிறார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பையில் வைக்கப் பயந்து ரூமிலேயே விட்டுப் போகிறார்கள். இப்படி விட்டுவிட்டுச் சாப்பிட்டால் வைரஸ் மருந்துக்குக் கட்டுப்படாமல் போகும். உங்கள் மாத்திரையில் டெனோஃபோவிர், லேமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் இருந்தால், அதில் லேமிவுடின்தான் பெரும்பாலும் முதலில் தோற்கும்.

டாக்டரிடமும் ஒளிப்பதில் இன்னொரு ஆபத்து உண்டு. இரும்புச்சத்து மாத்திரையையோ கால்சியத்தையோ வெறும் வயிற்றில் இதோடு சேர்த்து விழுங்கினால் டோலுடெகிராவிர் உடம்பில் சரியாகச் சேராது. அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ இதைப் போட வேண்டும், இல்லையென்றால் இரண்டையும் சாப்பாட்டோடு போட வேண்டும். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் என்றால் சாப்பாட்டோடும் கூடாது, அந்த இடைவெளி கட்டாயம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எழுதும் டாக்டருக்கு இது தெரியாவிட்டால் உடம்பில் மெட்ஃபார்மின் அளவு மிஞ்சும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் கொடுத்தால் டோலுடெகிராவிர் 50 மில்லிகிராமை இரண்டு வேளை எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே கம்பெனி மேனேஜருக்கு அல்ல, உங்களுக்கு மருந்து எழுதும் ஒவ்வொரு டாக்டருக்கும் தெரிய வேண்டும். அடுத்து, மாத்திரை இருக்கும் இடத்தில் கூட இருப்பவர்களில் ஒருவருக்கு. ரூமில் இருவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வாய் காப்பவர் ஒருவர் போதும். இரவு ஒன்பது மணிக்கு “போட்டாச்சா?” என்று கேட்க ஓர் ஆள்.

எட்டு மாதம் ஆகிறது என்கிறீர்கள், கடிதத்தில் வைரல் லோடு என்ற சொல்லே இல்லை! ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிக்கையில் காட்டும், ஆறாம் மாதம் எடுக்க வேண்டிய சோதனை அது. சென்னையும் ஓர் இடமாக இருந்து 9 நாடுகளில், ஒருவருக்கு மட்டும் எச்ஐவி இருந்த 1763 தம்பதிகளிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. சீக்கிரம் மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்று போவது 96 சதவீதம் குறைந்திருந்தது. வைரஸ் அளவிட முடியாத நிலைக்கு வந்து, மருந்தும் விடாமல் தொடர்ந்தால் உடலுறவு வழியே தொற்று பரவாது என்பது இன்று உறுதியான விஷயம். அந்த எண் கையில் இல்லாமல் எதை வைத்துப் பெண்ணிடம் பேசப் போகிறீர்கள்?

எண் வந்த பிறகு, தரகரும் பெரியவர்களும் இல்லாமல் பகல் வேளையில் நேரில் பேசுங்கள். “மன்னிச்சிடுங்க” என்று ஆரம்பித்தால் அவர் பயந்துபோய் மீதியைக் கேட்க மாட்டார். “நான் தினமும் ஒரு மாத்திரை போடுறேன், அது எச்ஐவிக்கு, இப்ப வைரஸ் அளவிட முடியாத அளவுல இருக்கு” என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். எப்படி வந்தது என்று கேட்டால் மட்டும் அதற்குப் போங்கள். ரிப்போர்ட்டைக் காட்டுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். சத்தியம் வாங்காதீர்கள். அரசு எச்ஐவி பரிசோதனை, ஆலோசனை தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகரிடம் தனியாகக் கேட்க விரும்பினால் அழைத்துப் போங்கள். எச்ஐவி உதவி எண் 1097க்கு அவரே கூப்பிட்டும் கேட்கலாம், கட்டணம் இல்லை. யோசிக்க அவகாசம் கொடுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்டு நச்சரிக்காதீர்கள், தம்பி. வலிக்கும்தான். எச்ஐவியோடு வாழ்பவர்களுக்கு, எச்ஐவி சிகிச்சை மருத்துவரான மறைந்த டாக்டர் சுனிதி சாலமன் சென்னையில் வரன் பார்த்துச் சேர்த்து வைத்தார். உங்களுக்கும் வழி இருக்கிறது.

இந்த வாரமே மையத்துக்குப் போங்கள். விட்டமின் டப்பாவில் மிச்சமிருப்பதையும் எடுத்துப்போய், எத்தனை நாளாக வெளியே கிடந்தது என்று மருந்தாளுநரிடம் சொல்லுங்கள்.