துறைமுகத்தைக் காக்கும் பொறுப்பை மீனவர்களே ஏற்க முடியுமா?

தொழில் நடந்துகொண்டிருக்கும் துறைமுகத்தில் கடலைப் பேணும் பொறுப்பை மீனவர்களே ஏற்பது நடைமுறையில் சாத்தியமா என்று கேட்டிருக்கிறீர்கள். சாத்தியம் என்பதற்குக் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்திலுள்ள நீண்டகரை மீன்பிடித் துறைமுகம் நல்ல சான்று.

வலையில் மீனோடு ஏறிவரும் நெகிழிப் பைகளையும் பாட்டில்களையும் அறுந்த வலைத்துண்டுகளையும் முன்பெல்லாம் மீண்டும் கடலிலேயே வீசிவிடுவார்கள். கரைக்குக் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்ள ஆளில்லை என்பதே காரணம். 2017இல் தொடங்கிய 'சுசித்வ சாகரம்' (தூய்மையான கடல்) திட்டம் அந்தக் குறையைத்தான் தீர்த்தது: குப்பையைச் சேர்த்துவைக்கப் படகுகளுக்குப் பைகள் தரப்பட்டன, கரைசேர்ந்ததை உள்ளூர்ப் பெண்கள் கழுவி, காயவைத்து, தரம்பிரித்த பிறகு, அது இயந்திரத்தில் துண்டாக்கப்பட்டுத் தாரோடு கலந்து சாலை போடப் பயன்பட்டது. உப்பும் சேறும் படிந்த நெகிழியைக் கழுவியெடுப்பது எளிய வேலையன்று. என் பார்வையில் இத்திட்டத்தின் முதுகெலும்பு அந்தப் பெண்களின் உழைப்புதான், அவர்களுக்குரிய கூலி தடையின்றிக் கிடைத்தால் மட்டுமே இது நிலைக்கும்.

மீன்வளத்துக்கு வேறொரு காவல் உண்டு. ஜூன், ஜூலையில் வரும் 52 நாள் இழுவலை (விசைப்படகு இழுத்துச்செல்லும் பெரிய வலை) தடைக்காலம் தொடங்கும்போது, நீண்டகரைப் பாலத்தின் தூண்களுக்கிடையே சங்கிலி கட்டி விசைப்படகுகளின் வழியை அடைத்துவிடுகிறார்கள்; பாரம்பரிய வள்ளங்கள் மட்டும் அக்காலத்திலும் கடலுக்குச் செல்லலாம்.