ஃபைபர் போடும் நண்பர் இருக்கிறார், சரி. கார் எங்கே ஓடும்?

கேள்வி: கடலூர் முதுநகரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஃபோர்டு ஜி.டி.40 என்ற பழைய பந்தயக் கார் மீது சின்ன வயதிலிருந்தே பைத்தியம். அதே மாதிரி ஒன்றை நானே கட்ட ஆசை. வெல்டிங் தெரியும். துறைமுகத்தில் ஃபைபர் படகு செய்யும் நண்பர் பாடி போட்டுத் தருகிறேன் என்கிறார். ஒரு ஸ்விஃப்ட் டீசல் இன்ஜின் மலிவாக வருகிறது. கையில் 6 லட்சம் இருக்கிறது. கட்டி முடித்ததும் பாண்டிச்சேரி நம்பர் வாங்கி ஈ.சி.ஆரில் ஓட்டலாமா? என் உயரம் 5 அடி 11 அங்குலம்.

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். ஓட்ட முடியாது.

'பாண்டியில் எல்லாம் ஆகும்' என்ற பேச்சு வரி குறைவாக இருப்பதால் வந்தது. வரி வேறாக இருக்கலாம், மோட்டார் வாகனச் சட்டம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். புதிதாக ஒரு வண்டியைப் பதிய வேண்டுமானால் அதன் மாதிரி, மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி, புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் தேற வேண்டும். ஆயிரக்கணக்கில் வண்டி விற்கும் கம்பெனிக்கு அது கட்டுப்படியாகும், ஒற்றைக் கார் கட்டுபவருக்கு ஆகாது. பழைய வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை வைத்து ஒப்பேற்றலாம் என்று யாராவது காதில் ஓதினால் கேட்காதீர்கள். சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சேசிஸ் நம்பரை வெட்டி ஒட்டுவது நேரடியாகக் குற்றம். 2021-இல் வந்த விண்டேஜ் விதி 50 வயது தாண்டிய அசல் வண்டிகளுக்கு. நேற்று பிறந்த நகலுக்கு அதில் இடமில்லை.

ஆகவே இது டிராக்கில் மட்டும் ஓடும் கார். சென்னைக்குப் பக்கத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம் உங்களுக்கு ஒரு காலைப் பயணம்தான். 14 அடி மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாம். பைப் வாங்குவதற்கு முன்பே அங்கே பேசி, ரோல் பாருக்கு (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளையம்) என்ன குழாய், எத்தனை பாயின்ட் பெல்ட், தீயணைப்பானை எங்கே பொருத்துவது என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். கட்டி முடித்தபின் கேட்டால் பாதியை அறுக்க வேண்டியிருக்கும். சாலைக்குப் போகவில்லை என்று முடிவானதில் ஒரு லாபமும் உண்டு: வைப்பர், ஹார்ன், இண்டிகேட்டர், கதவுக் கண்ணாடி எதற்கும் செலவில்லை.

அடுத்தது, எந்தக் கார் என்பது. இதில் உங்களோடு கொஞ்சம் சண்டை போடப் போகிறேன்.

ஜி.டி.40 அழகுதான், மறுக்கவில்லை. 1966 முதல் 1969 வரை தொடர்ந்து நான்கு வருடம் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற வண்டி. (கடைசி 'ஸ்'ஸை உச்சரித்தால் பாண்டியில் பிரெஞ்சு படித்தவர்கள் திருத்துவார்கள், அதனால் லெ மான் என்றே எழுதுகிறேன்.) பெயரிலுள்ள 40 அதன் உயரம், அங்குலக் கணக்கில். உங்கள் வீட்டுச் சமையல் மேடைக்கு மேல் ஒரு சாண்கூட வராது. அந்த உயரத்துக்குள் ஓட்டுநருக்குப் பின்னால் பெரிய வி8 இன்ஜின், அதற்கும் பின்னால் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே பெட்டியாக. நகல் கட்டுபவர்களை அழவைப்பது அந்தப் பெட்டிதான். வெளிநாட்டில் பழைய போர்ஷே, ஆடி கார்களிலிருந்து எடுத்துப் போடுகிறார்கள். நமக்கு அது இறக்குமதி, 6 லட்சத்தில் பெரும் பகுதியை அதுவே விழுங்கிவிடும். அடுத்த வில்லன் முன் கண்ணாடி. அவ்வளவு வளைந்த லேமினேட்டட் கண்ணாடியை ஒரே ஒரு துண்டு செய்து தரச் சொன்னால் எந்தக் கடைக்காரரும் உங்களைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்.

ஸ்விஃப்ட் டீசலை அந்த உடம்புக்குள் வைப்பது முடியாத காரியமல்ல. ஆனால் தடதடவென்று டீசல் சத்தத்தோடு ஒரு ஜி.டி.40 வந்து நின்றால், முதல் ஆளாக நீங்களே முகம் சுளிப்பீர்கள்.

லெ மான் என்றாலே பெரிய இன்ஜின் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அங்கே முதலிடம் தவிர, இன்ஜின் அளவுக்கு எவ்வளவு தூரம் ஓடியது என்று கணக்கிட்டு இன்னொரு பரிசும் கொடுத்தார்கள். 1950-களில் பான்ஹார்டு இன்ஜின் போட்ட பிரெஞ்சுக் குட்டிக் கார்கள் அதைத் திரும்பத் திரும்ப அள்ளின. 1957-இல் அதை வாங்கியது லோட்டஸ் லெவன் என்ற பிரிட்டிஷ் குட்டிப் பந்தயக் கார், 750 சி.சி. அதே வருடம் 1100 சி.சி. பிரிவையும் இன்னொரு லெவன் வென்றது. நீங்கள் கட்ட வேண்டியது அதைத்தான்.

ஏன்? சுமார் 11 அடி நீளம், 5 அடி அகலம். கூரை இல்லை, கதவு பெயருக்குத்தான். முன் கண்ணாடி என்பது வளைத்த பிளாஸ்டிக் தகடு. இன்ஜின் முன்னால், கியர்பாக்ஸ் அதன் பின்னால், நீளத் தண்டு, பின்னால் ஆக்சில். நம்மூர் ஜீப்பைப் பிரித்தவருக்கு இதில் புதிராக எதுவுமில்லை. பந்தயத்துக்கான மேல் மாடலில் டி டியோன் ஆக்சிலும் (டிஃபரன்ஷியலை சேசிஸில் மாட்டிக் கனம் குறைத்த பின் ஆக்சில்) டிஸ்க் பிரேக்கும் இருந்தன. விலை குறைந்த மாடல்களில் ஜீப்பில் இருப்பது மாதிரி டிஃபரன்ஷியலும் சேர்ந்த ஒற்றைத் துண்டு லைவ் ஆக்சிலே போட்டார்கள். நீங்களும் லைவ் ஆக்சில் போட்டால் நகலில் குற்றம் சொல்ல ஆளில்லை.

அதன் இன்ஜின் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1098 சி.சி. கவென்ட்ரி கிளைமாக்ஸ். முதலில் அது கார் இன்ஜினே இல்லை, தீயணைப்பு பம்பு ஓட்டுவதற்காகச் செய்தது. ஆட்கள் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமே என்று லேசாகச் செய்தார்கள். லேசாக இருந்ததால் பந்தயக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பம்பு இன்ஜின் லெ மான் ஓடலாம் என்றால், தண்ணீர் கேன் போடும் மாருதி ஈகோ வேனின் இன்ஜின் ஓடக் கூடாதா? பழைய பெட்ரோல் ஈகோவில் 1196 சி.சி., 70-ஐத் தாண்டிய குதிரைத்திறன். கிளைமாக்ஸ் பந்தயத்துக்கு வந்த புதிதில் கொடுத்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஈகோவில் இன்ஜின் நீளவாக்கில் நிற்கிறது, பின் சக்கரத்தைத் தள்ளுகிறது. ஒரே வண்டியிலிருந்து இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில், ஒயரிங், ஈ.சி.யு. (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி), சாவி எல்லாவற்றையும் மொத்தமாக எடுங்கள். இன்ஜின் ஒரு கடை, ஈ.சி.யு. இன்னொரு கடை என்று வாங்கினால் ஸ்டார்ட் ஆகாமல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பீர்கள். எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற எழுத்து இல்லாமல் இன்ஜின் வாங்காதீர்கள். நீளத் தண்டை மட்டும் வெட்டிக் குறைத்து பேலன்ஸ் செய்ய வேண்டும். லேத்காரருக்கு அதை நான் சொல்லத் தேவையில்லை.

சேசிஸ் பற்றிச் சுருக்கமாக. 25 மி.மீ. சதுர ஈ.ஆர்.டபிள்யூ. பைப், 1.6 மி.மீ. சுவர். கடலோரம் துருப் பிடிக்குமே, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் போடலாமே என்று பக்கத்துப் பட்டறைக்காரர் சொல்வார். வேண்டாம். துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும், வெல்டும் ஓட்டை விழும். மேசை மேல் முழுக் கூட்டையும் பொட்டு வெல்டில் நிறுத்தி, மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றானபின் இடதும் வலதுமாக மாறி மாறி முழு வெல்ட். அன்றன்றைய வெல்டுக்கு அன்று மாலையே பிரைமர், நம் உப்புக்காற்று மறுநாள் காலை வரை காத்திருக்காது. அலுமினியத் தகட்டை இரும்பில் ரிவெட் அடிக்கும் இடத்திலெல்லாம் நடுவில் சீலன்ட் போடுங்கள், இல்லையென்றால் இரண்டு மழையில் வெள்ளைப் பொடியாக உதிரும்.

இனி உங்கள் படகு நண்பர். அவர் உங்களுக்குக் கிடைத்த பெரிய சொத்து, பெரிய ஆபத்தும் அவர்தான். என் முதல் பாடியை நானும் ஒரு படகுக் கூடத்தில்தான் போட்டேன். மோல்டைப் பிரித்தபோது மூக்கு மட்டும் நான்கு பேர் தூக்கும் கனம். அளந்தால் 7 மி.மீ. "பாறையில மோதுனாலும் உடையாது தம்பி" என்று அண்ணன் பெருமையோடு தட்டிக் காட்டினார். அவர் தொழிலுக்கு அது சரி. உங்களுக்கு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள ஃபைபர் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) இரண்டு அடுக்கு, 300 கிராம் ஒரு அடுக்கு போதும். இரண்டரை மி.மீ. சொச்சம் வரும், சதுர மீட்டருக்கு ரெசினோடு சேர்த்து சுமார் 4 கிலோ. விறைப்பு வேண்டிய இடத்தில் உள்பக்கம் விலா எலும்பு மாதிரி பட்டை ஒட்டுங்கள், கனத்தைக் கூட்டாதீர்கள். ரெசினை நீங்களே எடை போட்டு, மேட்டின் எடைக்கு இரண்டரை மடங்கு மட்டும் கையில் கொடுங்கள். வாளியோடு கொடுத்தால் வாளியோடு தீர்ந்துவிடும்.

மோல்டுக்கு முன் பிளக் வேண்டும், அதாவது காரின் முழு அளவு உருவம். பிளைவுட்டில் குறுக்கு வெட்டுகளை அறுத்து ஒரு சாணுக்கு ஒன்றாக நிறுத்தி, நடுவை நிரப்பி இழைக்க வேண்டும். நிரப்ப தெர்மாகோல் போட்டு அதன் மேல் நேராக பாலியஸ்டர் ரெசின் பூசினேன் ஒருமுறை. வெயிலில் வைத்த ஐஸ் மாதிரி கரைந்து உள்ளே போய்விட்டது. ரெசினிலுள்ள ஸ்டைரீனுக்குத் தெர்மாகோல் தாங்காது. பி.யு. ஃபோம் போடுங்கள், அல்லது மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கட்டி நன்றாகக் காய்ந்தபின் சீலர் பூசுங்கள். பிளாஸ்டர் என்றால் உங்களுக்குப் பக்கத்திலேயே பொம்மை செய்யும் வண்டிப்பாளையம். கொலு பொம்மைக்குக் கன்னம் இழைக்கிற கைக்கு லெவனின் முன் மட்கார்டு ஒரு பொருட்டே அல்ல. ஊர்ப் பெயரும் பொருந்துகிறது.

இந்த வேலையைத் தை முதல் பங்குனிக்குள், விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி ஈரத்தில் மேட் வெளுத்துவிடும். சித்திரை மதியத்தில் கலந்த ரெசின் பிரஷ் எடுப்பதற்குள் கட்டியாகிவிடும். இன்னொன்று, இதில் விளையாட்டே கூடாது: கோபால்ட்டும் (ரெசின் இறுகுவதை வேகப்படுத்துவது) எம்.இ.கே.பி. கேட்டலிஸ்ட்டும் (ரெசினை இறுக வைப்பது) நேரடியாக ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் தீப்பற்றும், வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் போட்டு நன்றாகக் கலக்கி, அதன் பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள்.

அப்புறம், உங்கள் 5 அடி 11 அங்குலம். டான் கர்னி என்ற நெட்டை ஓட்டுநரின் ஹெல்மெட் இடித்ததால், ஜி.டி.40-இன் கூரையிலேயே ஒரு மேடு எழுப்பினார்கள். லெவனில் கூரை இல்லை, தலை தப்பியது. ஆனால் கால் மாட்டும். ஞாயிற்றுக்கிழமை பட்டறைத் தரையில் சுவரோரம் காலை நீட்டி உட்காருங்கள். ஷூவோடு. முதுகு முதல் குதிகால் வரை, தோள் அகலம், முட்டி உயரம் மூன்றையும் யாரையாவது டேப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். பிறகு மூன்று பெடலுக்கும் உங்கள் இரண்டு ஷூவுக்கும் எவ்வளவு அகலம் வேண்டும் என்று பழைய பிளைவுட்டில் ஒரு பெட்டி அடித்து, காலை உள்ளே விட்டுப் பாருங்கள். அந்தப் பெட்டிக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதை எழுதி அனுப்புங்கள். சேசிஸ் படத்தை அதிலிருந்து தொடங்கலாம்.