கேஆர்-2 விமானத்தின் ஏற்றத்துக்கு இறக்கையை நீட்டுவதா, எஞ்சினை மாற்றுவதா?

வீட்டிலேயே கட்டும் சிறு விமானமான உங்கள் கேஆர்-2-க்கு ஏற்றம், அதாவது மேலே ஏறும் வேகம், மட்டும்தான் குறை என்றால் இறக்கையைத் தொடாதீர்கள். 900 பவுண்டு எடை, நிமிடத்துக்கு 300 அடி ஏற்றம் என்கிறீர்கள். அப்படியானால் மேலே தூக்க மிஞ்சுவது 8 குதிரைத்திறன்தான்.

இறக்கையின் முனைக்கு முனை நீளமான 20 அடி 8 அங்குலத்தை 23 அடியாக்கினால், தூக்குவிசையோடு சேர்ந்து வரும் இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறையும். 80 மைல் வேகத்தில் அது மிச்சப்படுத்துவது சுமார் 2 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 70 அடி. 65-க்குப் பதில் 80 குதிரைத்திறன் எஞ்சின் போட்டால், புரொப்பெல்லரில் போவது போக 10 கிடைக்கும். ஏற்றம் இரண்டு மடங்குக்கு மேல்.

ஆனால் எனக்குச் சந்தேகம் புரொப்பெல்லர் மேல்தான். வேகத்துக்காகப் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம்) கூட்டிச் செதுக்கியது என்றால், ஏறும்போது எஞ்சினைச் சுற்றவே விடாது. 3,400 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) 65 குதிரைத்திறன் தரும் ஃபோக்ஸ்வேகன் எஞ்சின் 2,700-இல் ஏறக்குறைய 52 தான் தரும். நீங்கள் காசு கொடுத்து வாங்க நினைக்கும் திறனில் பெரும்பகுதி அங்கேயே முடங்கிக் கிடக்கிறது.

சோதிக்க:
1. வாலைக் கட்டி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முழு த்ராட்டிலில் ஆர்பிஎம் பாருங்கள்.
2. அப்புறம் ஏறும்போது பாருங்கள். 2,800-க்குக் கீழே நின்றால் பிட்ச் 2 அங்குலம் குறைந்த புரொப்பெல்லரை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

அந்தப் புரொப்பெல்லரில் கிடைமட்டப் பறப்பில் வேகம் கொஞ்சம் குறையும், ஆர்பிஎம் உச்ச வரம்பைத் தாண்டப் பார்க்கும். த்ராட்டிலில் கை இருக்கட்டும். சிலிண்டர் தலை வெப்பத்தையும் கவனியுங்கள். அதையும் மீறி இறக்கையை நீட்டுவதென்றால், ஸ்பார் (இறக்கையின் சுமையைத் தாங்கும் நீளச் சட்டம்) கணக்கைத் திரும்பப் போடாமல் பறக்க வேண்டாம்.