பெர்லினின் கம்மர்கெரிஷ்ட் எப்படிப்பட்ட நீதிமன்றம்? அங்கே மேல்முறையீடு எப்படி நடக்கும்?

ஜெர்மனியில் ஓபர்லாண்டெஸ்கெரிஷ்ட் எனப்படும் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் 24. அவற்றில் மிகப் பழையது பெர்லினின் கம்மர்கெரிஷ்ட். 1468-லேயே ஆவணத்தில் வருகிறது. பிரிவு ஒன்றுக்குப் பொதுவாக மூன்று நீதிபதிகள் அமர்ந்து தீர்ப்பளிப்பார்கள். குற்ற வழக்குகளில், அரசுப் பாதுகாப்பு சார்ந்த பெரியவற்றை மட்டும் இந்த நீதிமன்றமே முதலில் விசாரிக்கும். டியர்கார்ட்டன் பூங்காக் கொலை வழக்கில் 2021 டிசம்பரில் ஆயுள் தண்டனை விதித்தது இதுதான்.

இதன் வரலாற்றில் எல்லோரும் அறிய வேண்டியது 1779-ஆம் ஆண்டின் ஆர்னோல்ட் வழக்கு. ஆற்றின் மேல்பகுதியில் ஒரு பிரபு மீன்குளம் வெட்டியதால் தன் ஆலைக்குத் தண்ணீர் வரவில்லை என்று குத்தகைப் பணம் கட்ட மறுத்தார் ஆலைக்காரர் ஆர்னோல்ட். கீழ் நீதிமன்றத்தைப் போலவே கம்மர்கெரிஷ்டும் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஏழைக்கு அநீதி நடந்துவிட்டதாகக் கொதித்த பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக், நீதிபதிகளைச் சிறையில் அடைத்தார். அவர்களைத் தண்டிக்கும்படி அதே நீதிமன்றத்தின் குற்றவியல் பிரிவுக்கு உத்தரவு போனது. அந்தப் பிரிவோ அவர்கள் மேல் குற்றமில்லை என்றது. கடைசியில் மன்னரே தண்டனை விதித்தார். 1786-இல் அவர் இறந்த பிறகுதான் அந்த நீதிபதிகளின் மீதிருந்த பழி நீங்கியது. மன்னரின் இரக்கம் உண்மையானதாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் என் மதிப்பில் அன்று சரியாக நின்றவர்கள் அந்தக் குற்றவியல் பிரிவு நீதிபதிகள்தான்.

இனி நடைமுறை. கம்மர்கெரிஷ்டுக்கு அடுத்த கீழ்ப்படியில் உள்ள லாண்ட்கெரிஷ்ட் நீதிமன்றம் தந்த உரிமையியல் தீர்ப்பு முழு வடிவில் கைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மேல்முறையீடு போட வேண்டும். காரணங்களை எழுதித்தர இரண்டு மாதம். இந்த இரண்டு மாதமும் அதே நாளிலிருந்துதான் ஓடுகிறது. மேல்முறையீடு போட்ட நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் கெடுவைத் தவறவிடுவார்கள். மனு நேரே கம்மர்கெரிஷ்டுக்குப் போக வேண்டும், வழக்கறிஞர் கட்டாயம். விவாகரத்து, ஜீவனாம்சம் போன்ற குடும்ப வழக்குகளில் இது தலைகீழ்: தீர்ப்பளித்த ஆம்ட்ஸ்கெரிஷ்ட் எனப்படும் அடிமட்ட நீதிமன்றத்திலேயே மனுவைத் தர வேண்டும். இடம் மாறிப்போய், மனு உரிய நீதிமன்றத்தை அடைவதற்குள் கெடு முடிந்துவிட்டால் பெரும்பாலும் வழக்கே போய்விடும்.

முதல் விசாரணையில் சொல்லாமல் விட்ட புதிய ஆதாரங்களை இங்கே எளிதில் ஏற்கமாட்டார்கள். ஆகவே கீழ் நீதிமன்றத்திலேயே எல்லாவற்றையும் வைத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

மேல்முறையீடு வெல்ல வாய்ப்பே இல்லை என்று மூன்று நீதிபதிகளும் ஒருமனதாகக் கருதினால், வாய்மொழி விசாரணை இல்லாமலே தள்ளுபடி செய்யலாம். அதற்கு முன் எழுத்தில் ஒரு குறிப்பு அனுப்பி, பதில் சொல்ல அவகாசம் தருவார்கள். அந்தக் கடிதத்தை அச்சுறுத்தலாக எடுத்துக்கொள்ளாமல் நிதானமாகப் படியுங்கள். உண்மையான பதில் இல்லையென்றால் அப்போதே மேல்முறையீட்டைத் திரும்பப் பெறுங்கள். நீதிமன்றக் கட்டணம் பாதியாகக் குறையும். அதற்குப் பிறகும் பிடிவாதமாக நின்று தோற்றால், பிணக்குத் தொகை சட்டம் வைத்த வரம்பைத் தாண்டாத வரை கார்ல்ஸ்ரூஹே உச்ச நீதிமன்றத்தின் கதவு அநேகமாகத் திறக்காது.