துருக்கியில் சின்ன கிளப்பை நிலைநிறுத்துவது எப்படி: ஃபுட்பால் மேனேஜர் 2024 கேள்வி பதில்

ஃபுட்பால் மேனேஜர் என்பது ஒரு கால்பந்துக் கிளப்பை நீங்களே நிர்வகிக்கும் கணினி விளையாட்டு. அதில் துருக்கி லீக்கில் பெரிய பெயர் இல்லாத கிளப்பை எடுத்து ஆடுபவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பாதிக்கு மேல் தந்திரம் பற்றியவை. ஆனால் பெரும்பாலான சேவ்கள் (சேமித்துத் தொடரும் ஆட்டங்கள்) தடுமாறுவது வேறு இடத்தில்: யார் துருக்கி வீரர் என்று கணக்கில் வருகிறார், அவர் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது. பதில்களில் அதற்கே அதிக இடம் போயிருக்கிறது.

கே: அண்ணா, துருக்கியில முதல் சேவ். எந்த கிளப்பை எடுக்கலாம்? ரொம்பப் பெருசும் வேண்டாம், ரொம்பப் பாவமும் வேண்டாம்.

ரிஸேஸ்போர் எடுங்க தம்பி. கருங்கடல் ஓரத்துத் தேயிலை நகரமான ரிஸேயின் கிளப் அது. அரசுத் தேயிலை நிறுவனமான சாய்குரின் பெயர்தான் கிளப் பெயருக்கு முன்னால் நிற்கிறது. ஸ்டேடியத்தில் சுமார் 15,000 பேர் உட்காரலாம். 2022-23இல் இரண்டாம் நிலை லீக்கில் இரண்டாவதாக முடித்து மேலே வந்த அணி என்பதால், 2023-24இல் துருக்கியின் முதல் நிலை லீக்கான சூப்பர் லிக்கிலேயே உங்கள் ஆட்டம் தொடங்கும். அந்த சீசனில் 20 அணிகள், 38 போட்டிகள், 4 அணிகள் கீழே இறங்கும்.

இன்னும் கடினமாக வேண்டுமென்றால், இந்தப் பதிப்பில் 2. லிக்கில் (பெயர் அப்படி, நிலை மூன்றாவது) புர்சாஸ்போர் இருக்கிறது. 1959இல் தொடங்கிய சூப்பர் லிக்கை இதுவரை ஆறு கிளப்புகள்தான் வென்றிருக்கின்றன. 2010இல் வென்ற புர்சாஸ்போர் அதில் ஒன்று. அவ்வளவு பெரிய ஸ்டேடியமும் ரசிகர் கூட்டமும் மூன்றாம் நிலையில் கிடக்கின்றன. அதைத் தூக்கி நிறுத்துவது நல்ல சவால்.

கே: ரிஸேஸ்போர்தான் எடுத்தேன். நல்ல துருக்கி வீரர் எவரைக் கேட்டாலும் விலை யானை விலையா இருக்கு. அதே தரத்துல வெளிநாட்டு ஆள் பாதி விலைக்குக் கிடைக்கிறார். ஏன் இப்படி?

வெளிநாட்டு வீரர் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால். வரம்பு இருக்கும் வரை உள்ளூர் பாஸ்போர்ட்டுக்கே தனி விலை உண்டு. இஸ்தான்புல்லின் மூன்று பெரிய கிளப்புகளும் (கலாடசராய், ஃபெனர்பாச்சே, பெஷிக்டாஷ்) டிராப்ஸோன்ஸ்போரும் முதலில் அள்ளிக்கொண்டு போன பிறகு மிஞ்சுபவர்களுக்குத்தான் மற்ற எல்லோரும் போட்டி போடுகிறார்கள்.

அந்தச் சந்தைக்குள்ளேயே நிற்காதீர்கள். ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரியா, பெல்ஜியம் நான்கிலும் துருக்கிக் குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை ஆடிக்கொண்டிருக்கிறது. ஹக்கான் சால்ஹனோலு பிறந்தது மன்ஹைமில், நூரி ஷாஹின் லூடன்ஷைடில், ஃபெர்டி கடியோலு ஆர்னெமில், ஓர்குன் கோக்சு ஹார்லெமில். இவர்கள் உச்சிக்குப் போனவர்கள். இவர்களுக்குக் கீழே, ஜெர்மனியின் மூன்றாம் நான்காம் நிலைகளில் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய கிளப்புகளுக்கு அந்தப் பாஸ்போர்ட்டால் எந்த லாபமும் இல்லை, அதனால் விலையில் அது ஏறுவதில்லை. உங்களுக்கு அதுதான் லாபம்.

சேவ் தொடங்கும்போதே வேலை ஆரம்பிக்கிறது. டேட்டாபேஸ் அமைப்பில் துருக்கித் தேசியம் கொண்ட வீரர்கள் அனைவரையும் ஏற்றச் சொல்லுங்கள். ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரியா, பெல்ஜியத்தில் ஆடுபவர்களையும் சேருங்கள். இதை விட்டுவிட்டால் கீழ்நிலை வீரர்கள் பலர் ஆட்டத்தில் இருக்கவே மாட்டார்கள், பிறகு எவ்வளவு தேடினாலும் பயனில்லை. கணினி வேகம் குறைந்தால் தென் அமெரிக்க லீக்குகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், இந்த நான்கை விடாதீர்கள்.

அடுத்து வீரர் தேடல் பக்கம். தேசியம் துருக்கி, இரண்டாம் தேசியமும் சேர்த்து. வயது 18 முதல் 24. ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குள் முடிய வேண்டும். இந்த வடிகட்டியைப் பெயரிட்டுச் சேமித்து, மாதம் ஒரு முறை ஓடவிடுங்கள். கூடவே ஜெர்மனிக்கென்று தனியாக ஒரு ரெக்ரூட்மென்ட் ஃபோகஸ் (எப்படிப்பட்ட வீரரைத் தேட வேண்டும் என்ற உத்தரவு), ஜெர்மனி பற்றிய அறிவு உள்ள ஒரு ஸ்கவுட் (வீரர்களைத் தேடிப் பார்த்து அறிக்கை தருபவர்). ஜனவரி பிறந்ததும், ஒப்பந்தம் முடிய ஆறு மாதமே உள்ளவர்களுக்கு முன்ஒப்பந்தம் நீட்டலாம். டிரான்ஸ்ஃபர் தொகை ஒரு யூரோகூட இல்லை.

கே: ப்ரோ, வெளிநாட்டு ஆட்கள் எத்தனை பேர் வைக்கலாம்னு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு எண் சொல்றாங்க.

துருக்கிக் கால்பந்துக் கூட்டமைப்பு அந்த விதியைப் பல முறை மாற்றியிருக்கிறது. அதனால் ஒரு பதிப்பில் படித்த எண்ணை இன்னொன்றில் நம்பாதீர்கள். சூப்பர் லிக் பக்கத்தில் விதிகள் தாவலைத் திறந்து மூன்று விஷயம் பாருங்கள்: பதிவுப் பட்டியலில் எத்தனை பேர், போட்டி நாள் அணியில் எத்தனை பேர், களத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர். மூன்றும் ஒன்றல்ல. 75ஆம் நிமிடத்தில் மாற்று வீரரை இறக்க முடியாமல் விழிப்பது மூன்றாவதைப் பார்க்காததால்.

நான் சொல்லும் பங்கீடு: கோல்கீப்பர், ஒரு ஃபுல்பேக், ஒரு நடுக்கள வீரர், இந்த மூன்று இடத்தையும் துருக்கி வீரர்களுக்கு ஒதுக்குங்கள். அவர்களுக்கான மாற்று ஆட்களும் துருக்கியர்களாகவே இருக்கட்டும். அப்போதுதான் ஒருவர் காயப்பட்டால் சங்கிலி அறுபடாது. சென்டர் பேக்குக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் வெளிநாட்டு இடங்களைச் செலவிடுங்கள். அந்த இரண்டு இடங்களில்தான் உள்ளூர் விலை மிக மோசம்.

டிரான்ஸ்ஃபர் காலம் முடியும் நாளில் பதிவுப் பட்டியலை நீங்களே திறந்து பாருங்கள். உதவிப் பயிற்சியாளர் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் காயத்தில் இருக்கும் முக்கிய வீரர் விடுபட்டிருந்தால் அடுத்த பதிவுக் காலம் வரை அவர் பார்வையாளர்தான்.

கே: முதல் சீசன் 11ஆவது இடம். இரண்டாவது சீசன் பணம் காலி. யாரையும் பெருசா வாங்கவே இல்லையே, எங்க போச்சு?

ஒப்பந்தத்தின் கீழ்ப்பாதியில் போயிருக்கும். எல்லோரும் வாரச் சம்பளத்தை மட்டும் பேசிக் குறைத்துவிட்டு மற்றதை ஏஜென்ட் கேட்டபடி விட்டுவிடுகிறார்கள். மிக ஆபத்தானது ஆண்டுச் சம்பள உயர்வு. வாரம் 10,000 யூரோ, ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் இரண்டாம் ஆண்டு 11,000, மூன்றாம் ஆண்டு 12,100. ஒருவருக்குச் சின்னத் தொகை. 24 பேருக்கும் கொடுத்திருந்தால் மூன்றாம் ஆண்டில் வாரத்துக்கு 50,400 யூரோ கூடுதல்.

அதை முதலில் நீக்குங்கள். பதிலுக்கு ஆடும் போட்டிக்கான தொகையைக் கூட்டிக் கொடுங்கள். கணக்கு இப்படி: வாரம் 10,000 நேர்ச் சம்பளம் என்றால் வருடம் 5,20,000. அதே வீரருக்கு வாரம் 8,000, ஆடும் போட்டிக்கு 2,500 என்று வைத்தால் 30 போட்டி ஆடினாலும் 4,91,000தான். காயத்தில் படுத்து 8 போட்டி மட்டும் ஆடினால் 4,36,000. ஆடாதவருக்குக் குறைவாகப் போகிறது, அதுதான் சின்ன கிளப்புக்குப் பாதுகாப்பு.

கீழே இறங்கினால் சம்பளக் குறைப்பு என்ற வரியை எல்லா ஒப்பந்தத்திலும் கேளுங்கள், 30 முதல் 40 சதவீதம். ஏஜென்ட் முரண்டு பிடித்தால் கையெழுத்துத் தொகையைக் கொஞ்சம் கூட்டி வாங்கிவிடுங்கள். ஆனால் இறங்கினால் வெளியேறும் தொகை என்ற வரியை மட்டும் பதிலுக்குத் தராதீர்கள். இறங்கிய ஜூனிலேயே நல்ல வீரர்கள் எல்லாம் அடிமாட்டு விலைக்குப் போய்விடுவார்கள்.

பணத்தை யூரோவில் காட்டும்படி அமைப்பை மாற்றிக்கொள்வதும் நல்லது. லிரா எண்கள் பெரிதாக இருப்பதால் 20 சதவீத வித்தியாசம் கண்ணில் படாமல் போகிறது.

கே: கலாடசராய் என் ஸ்ட்ரைக்கரைக் கேட்குது. விக்கலேன்னா அவன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறான். என்ன பண்ணலாம்?

விற்றுவிடுங்க தம்பி, ஆனால் உங்கள் நிபந்தனைக்கு. முதலில் அவரிடம் பேசி, இவ்வளவு தொகை வந்தால் அனுப்புகிறேன் என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடுவார். பிறகு பேரத்தில் அடுத்த விற்பனையில் பங்கு கேளுங்கள். இங்கே இரண்டு வரிகள் ஒன்றுபோலவே இருக்கும், கவனம். 40 லட்சம் யூரோவுக்கு விற்ற வீரரை அவர்கள் ஒரு கோடிக்கு விற்றால், விற்பனைத் தொகையில் 20 சதவீதம் என்பது 20 லட்சம். லாபத்தில் 20 சதவீதம் என்பது 12 லட்சம். முதல் வரியைக் கேளுங்கள், கடைசியில் வேண்டுமானால் 15க்கு இறங்குங்கள்.

கையெழுத்திடும் முன் நிதிப் பக்கத்தில், விற்பனைப் பணத்தில் எத்தனை சதவீதம் உங்கள் கைக்கு வருகிறது என்று பாருங்கள். அது 30 சதவீதம் என்றால், 40 லட்சத்தில் உங்களுக்கு 12 லட்சம்தான். அப்படிப்பட்ட நேரத்தில் ரொக்கத்தைக் கொஞ்சம் குறைத்து, அவர்களிடம் உட்கார்ந்திருக்கும் இளம் துருக்கி வீரர் ஒருவரை மாற்றாக வாங்குவது மேல். கிளப்பின் நிர்வாக வாரியம் பணத்தைத்தான் எடுத்துக்கொள்ளும், வீரரை எடுக்காது.

கே: இஸ்தான்புல் போனா நாலு கோல் வாங்கிட்டு வர்றோம். டிரா வாங்க என்ன தந்திரம்?

4-1-4-1, மனநிலை எச்சரிக்கை, மிட் பிளாக் (நடுக்களத்தில் நின்று தடுப்பது). பின்கோட்டையும் அழுத்தக் கோட்டையும் ஒன்றாக அடியாழத்துக்கு இறக்காதீர்கள். பெனால்டி பாக்ஸ் வாசலில் அவர்களுக்கு இலவச இடம் கிடைத்துவிடும். உங்கள் சென்டர் பேக்குகள் தலையால் ஆடுவதில் 20க்கு 14க்கு மேல் இருந்தால் எதிரியை ஓரத்துக்குத் தள்ளும் கட்டளையைப் போட்டு கிராஸ்களை வரவிடுங்கள்.

ஆனால் டிராவுக்காகவே சீசனைத் திட்டமிடாதீர்கள். நிஜத்தில் 2023-24இல் கலாடசராய் 102 புள்ளி, ஃபெனர்பாச்சே 99. மேலே இரண்டு பேர் இவ்வளவு எடுத்தும், கீழே அங்காராகுஜு 40 புள்ளியோடு இறங்கியது. காப்பாற்றுவது உங்களைப் போன்ற பத்து அணிகளுக்கு எதிராகச் சொந்த மண்ணில் எடுக்கும் வெற்றிகள். இஸ்தான்புல் போட்டிக்கு மூன்று நாள் கழித்து அப்படி ஒரு ஹோம் மேட்ச் இருந்தால், இஸ்தான்புல்லில் மாற்று ஆட்களை ஆடவிடுங்கள்.

அதோடு செட் பீஸ் (கார்னர், ஃப்ரீ கிக் போன்றவை) பயிற்சியாளர் ஒருவரைக் கட்டாயம் எடுங்கள். 2024 பதிப்பில்தான் அந்தப் பதவி வந்தது. அவருடைய சம்பளத்துக்கு ஒரு மாற்று ஸ்ட்ரைக்கரின் பாதிகூட ஆகாது.

கே: நவம்பருக்கு மேல என் பாஸிங் ஆட்டம் செத்துடுது. பயிற்சி தப்பா?

மைதானத்தைப் பாருங்கள். ரிஸேயில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. களத்தின் நிலை மோசமானதும் குறும்பாஸ் தவறும். போட்டிக்கு முன் வானிலையும் களமும் காட்டப்படும். கனமழை, மோசமான களம் என்று வந்தால் அன்றைக்கு மட்டும் நேரடி பாஸ், உயரமான ஸ்ட்ரைக்கர். இதை இரண்டாவது தந்திரமாகத் தயாராக வைத்து, வாரம் ஒரு பயிற்சி அமர்வில் பழக்குங்கள். ஆகஸ்டில் அதானா, அந்தால்யா போகும்போது பிரச்சினை வெயில். அங்கே அழுத்தத்தைக் குறையுங்கள்.

கே: அகாடமியை நம்பி ஓட்ட முடியுமா சார்?

முடியும், காலம் பிடிக்கும். நிஜ உதாரணம் இஸ்மிரின் அல்டினோர்டு. அங்கே வளர்ந்த சாலர் சோயுன்ஜு 2016இல் ஃப்ரைபர்க் போனார். ஜெங்கிஸ் உந்தர் அதே ஆண்டு பஷாக்ஷெஹிர் போய், அடுத்த ஆண்டே ரோமாவில் இருந்தார்.

ஆட்டத்தில் முதல் முடிவு இளைஞர் மேம்பாட்டுத் தலைவர் பதவி. அவருடைய குணம் புதிதாக வரும் பையன்கள் மேல் படியும். எண்களில் ஒன்றிரண்டு குறைந்தாலும், தொழில்முறைக் குணமும் உறுதியும் உள்ளவரையே எடுங்கள். பிறகு மென்டரிங், அதாவது மூத்தவர்களின் குணம் பையனுக்கு ஒட்டும்படி அவர்களை ஒரே குழுவில் போடுவது. ஒரு குழுவில் குறைந்தது மூன்று பேர் வேண்டும், பையன் சீனியர் அணியில் இருக்க வேண்டும். இரண்டு நல்ல மூத்தவர், ஒரு பையன். தலைகீழாக நான்கு பையன்களும் ஒரு மூத்தவரும் என்று போட்டால், பையன்களின் குணம் ஒருவர் மேல் ஒருவர் ஒட்டிக்கொள்ளும்.

கே: தலைவர் தேர்தல் வந்து, புதுத் தலைவர் கேட்காமலே ஒருத்தரை வாங்கிட்டார்!

துருக்கிக் கிளப்புகள் பலவும் உறுப்பினர் சங்கங்கள், தலைவரை உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்தல் செய்தி வந்ததும், புதுத் தலைவர் வாங்கி வரும் ஆளுக்காக வெளிநாட்டு இடம் ஒன்றையும் சம்பளத்தில் கொஞ்சத்தையும் காலியாக வைத்திருங்கள்.

கே: அண்ணா, ஐந்தாவது இடம்! கான்ஃபரன்ஸ் லீக் போறோம். ஆனா ஐரோப்பியப் பட்டியல்ல 25 பேரை நிரப்ப முடியல. என்கிட்ட துருக்கிக்காரங்க 13 பேர் இருக்காங்களே?

வாழ்த்துகள். அந்த 13 பேரில் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். கான்ஃபரன்ஸ் லீக்கை நடத்தும் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏ பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை, எங்கே வளர்ந்தார் என்று பார்க்கிறது. 25 பேரில் 8 இடங்கள் உள்ளூரில் வளர்ந்தவர்களுக்கு. அதில் குறைந்தது 4 பேர் உங்கள் கிளப்பிலேயே, 15 முதல் 21 வயதுக்குள் மூன்று முழு சீசன் அல்லது 36 மாதம் இருந்திருக்க வேண்டும். மற்ற நால்வர் துருக்கியின் வேறு கிளப்பில் வளர்ந்திருக்கலாம். டோர்ட்முண்டில் வளர்ந்த துருக்கிப் பையன் லீக்கில் உள்ளூர் ஆள், ஐரோப்பாவில் இல்லை. கிளப்பில் வளர்ந்தவர் ஒருவரும் இல்லையென்றால் பட்டியல் 21ஆகச் சுருங்கிவிடும்.

இந்த சீசனுக்கு 21 பேரோடு போங்கள், அது போதும். அடுத்ததற்கு இன்றே இரண்டு வேலை: கிளப்பில் வளர்ந்து வெளியே போன பழைய வீரர்களைத் தேடி மாற்று ஆட்களாகத் திரும்பக் கொண்டுவாருங்கள், அந்த நிலை வாழ்நாள் முழுக்க அவர்களோடு இருக்கும். வெளிநாட்டுப் பையன்களை வாங்குவதென்றால் 18 வயது பிறந்த உடனேயே வாங்குங்கள். 19 ஆகிவிட்டால் 21க்குள் மூன்று சீசன் முடிப்பது இழுபறி.