டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போனால் பேனா கக்குகிறதா?

ஜோகன்னஸ்பர்க் போனதும் உங்கள் பித்தளை மைப்பேனாவின் மூடிக்குள் நீல மை குளமாய்த் தேங்கியிருந்தது என்று கேட்டிருந்தீர்கள். பேனா பழுதில்லை; பாதி மையோடு மலை ஏறியிருக்கிறது. டர்பன் கடலோரம், ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உள்ளே காலியிடத்தில் இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளுகிறது. நீங்கள் மூடிக்குள் பார்த்த நீலக்குளம் அதுதான். பித்தளை உடல் கைச்சூட்டை உள்ளே சீக்கிரம் கடத்துவதால், எழுதும்போதும் ஒரு சொட்டு கூடுதலாக விழலாம்.

புறப்படும் முன் கழுத்துவரை மை நிரப்புங்கள், அல்லது முழுக்கக் காலி செய்யுங்கள். நிப் மேல்நோக்கி இருக்கட்டும். அந்த வழியிலுள்ள வான் ரீனன் மலைக்கணவாய் ஏறும்போது என் பேனா சட்டைப் பையில் படுத்துக் கிடந்தது. வெள்ளைச் சட்டை போயே போயிற்று.

குழாயில் விரிசலோ என்ற சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை: மைக்குழாயைக் கழற்றித் தண்ணீர் நிரப்பி, வாயை மேலே வைத்து, காகிதக் கைக்குட்டையில் சுற்றி ஓர் இரவு நிறுத்திவையுங்கள். காலையில் காகிதம் ஈரமென்றால் குழாயில் விரிசல்.

வீட்டு மேசையிலேயே கக்கினால் நான் சொன்னது பொருந்தாது. கழுவுவதற்கு வெந்நீர் மட்டும் வேண்டாம்.